கூலியும் ஆளும் பேரும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர் என்று சொல்லிப் பயங்காட்டுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. பகல் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடலாம். நான் ஒரேயொரு சொல்லைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அந்தச் சொல் 'கூலி'.

பின்வரிசைத் தங்கைமார் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு 2025இல் வந்த ரஜினிகாந்த் படம் ஞாபகம் வருகிறது. முன்வரிசை அக்காமார் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் படித்த காலத்தில் அந்தச் சொல் அவர்கள் மேல் எறியப்பட்ட சொல். ஒரே மண்டபத்தில் ஒரு சொல் இப்படி இரண்டு விதமாக விழுகிறதென்றால் அதை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். வருத்தம் எங்கே தொடங்கியது என்று கேட்பது வைத்தியர்களின் பழக்கம். அப்படியே இந்தச் சொல்லையும் விசாரிப்போம்.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அவ்வளவுதான். அதில் இழிவு ஒன்றும் இல்லை. திருவள்ளுவர் 'ஆள்வினை உடைமை' அதிகாரத்தில், 619ஆம் குறளில், இந்தச் சொல்லையே எடுத்து ஆள்கிறார். தெய்வத்தால் ஆகாத காரியமாக இருந்தாலும், உடல் வருந்திச் செய்த முயற்சி தனக்குரிய கூலியைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. பரீட்சைக்கு முதல் நாள் நம் ஆசிரியைமார் சொல்லித் தைரியப்படுத்திய குறள் அதுதான்.

திருவிளையாடற் கதையும் உங்களுக்குத் தெரியும். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் கட்டளை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை. சிவபெருமான் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுத்தான் கூலி. வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. கடவுளையே கூலியாளாக்கிப் பார்த்த மொழியில் அந்தச் சொல் எப்படிக் கேவலமாக இருந்திருக்கும்?

இந்த இடத்தில் ஒரு சின்ன இலக்கணம். கூலி என்பது பணம் அல்லது பண்டம். அதைப் பெறுகிறவர் கூலியாள், கூலிக்காரர். பணம் வேறு, ஆள் வேறு. பழைய தமிழ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பக்கத்து மொழிகளிலும் இதேதான். தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் கூலி என்றால் ஊதியம். கேரளாவில் 'நோக்குக் கூலி' என்று ஒன்று இருந்தது. நீங்கள் உங்கள் வீட்டுச் சாமானை நீங்களே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகச் சுமைதூக்குவோர் கேட்கும் பணம். பார்த்ததற்குக் கூலி! 2018இல் அரசாங்கம் அதை ஒழிப்பதாக அறிவித்தது.

சிங்களத்துக்கு வாருங்கள். பதுளை டவுனில் நடந்தால் வீட்டுச் சுவரில் 'குலியட்ட' என்று எழுதியிருக்கும். வாடகைக்கு என்று அர்த்தம். வீட்டு வாடகை 'கெவல் குலிய'. வாடகைக் கார் 'குலீ ரத'. தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொற்களில் இதுவும் ஒன்று. அங்கே அது வீட்டுக்கும் வாகனத்துக்கும் கொடுக்கும் பணம். யாரையும் புண்படுத்தாத, தினமும் பேசும் சொல். நாட்சம்பள வேலைக்கும் 'குலீ வெட' என்பார்கள். அதிலும் சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை.

அப்படியானால் புண் எங்கே வந்தது? அதற்குக் கடல் கடக்க வேண்டும்.

'கூலி' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்கள் நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இதற்கு நீண்ட பதிவு உண்டு. குஜராத்தில் 'கோலி' என்றொரு சமூகம் இருக்கிறது. மேற்குக் கரைக்கு முதலில் வந்த போர்த்துக்கேயர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலிதான் மூலம் என்பது இன்னொரு கட்சி. துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை, சேவகன். அதையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. இந்தச் சொல் இந்தியாவில் அரச குடும்பத்துப் பெயர்களிலேயே இருந்தது. 1591இல் ஹைதராபாத் நகரை உருவாக்கிய சுல்தானின் பெயர் முகம்மது குலி குதுப் ஷா. அந்தக் 'குலி'க்குச் சேவகன் என்று பொருள். அரசனுக்கு அது பெருமை, ஏனென்றால் அவன் இறைவனின் சேவகன். குஜராத்துக் கோலியும் தமிழ்க் கூலியும் துறைமுகங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பது பலர் ஏற்கும் முடிவு.

மூலம் எதுவானாலும், கப்பலில் ஏறியபோது ஒரு காரியம் நடந்துவிட்டது. 'கூலியாள்' என்பதிலிருந்து 'ஆள்' கழன்று போனது. மிஞ்சியது கூலி மட்டும். பணத்தின் பெயர் மனிதனின் பெயராகிவிட்டது. "எத்தனை கூலி வேண்டும்?" என்று கேட்டால் ஊரில் அது ரூபாய்க் கணக்கு. துறைமுகத்தில் அது தலைக் கணக்கு.

1834 முதல் 1920 வரை மொரிஷியஸ் தீவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அவர்கள் ஏறிய படித்துறைக்குப் பெயர் 'கூலி காட்'. இன்று அது 'ஆப்பிரவாசி காட்', குடிபெயர்ந்தோர் துறை. 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பனுக்குப் போனது. 1862இல் அமெரிக்கா தன் நாட்டவர் 'கூலி வியாபாரம்' செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. மனிதர்களைச் சரக்காக ஏற்றுவதைத் தடுக்க வந்த சட்டத்திலும் அந்த மனிதர்களுக்கு அதுதான் பெயர். 1880இல் சுமாத்திராவின் புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சுக்காரர் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே 'கூலி ஒழுங்குச் சட்டம்'.

சீனாவிலிருந்தும் இப்படியே ஆட்களைக் கொண்டுபோனார்கள். சீனர் இந்த அந்நியச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுத இரண்டு எழுத்துகளைத் தெரிந்தெடுத்தார்கள். உச்சரிப்பு 'கூலி' போலவே இருக்கும். முதல் எழுத்துக்குக் 'கசப்பு' என்று பொருள், இரண்டாவதுக்கு 'வலிமை'. கசப்பான உழைப்பு. ஒலியை எழுதப் போய் உண்மையையும் எழுதிவிட்டார்கள்.

தென்னாபிரிக்காவுக்கு 1893இல் போன காந்தியடிகளை அங்குள்ள வெள்ளையர் 'கூலி பாரிஸ்டர்' என்றே குறிப்பிட்டார்கள். இந்திய வியாபாரி 'கூலி வியாபாரி'. அவர் தம் சுயசரிதையில் இன்னொரு சொல்லையும் சொல்கிறார். அங்கே போன தமிழர் பலரின் பெயர் 'சாமி' என்று முடிந்ததால், இந்தியர் எல்லாரையும் வெள்ளையர் 'சாமி' என்று ஏளனமாகக் கூப்பிட்டார்களாம். துணிச்சலுள்ள இந்தியர், "சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம். நான் உங்கள் எஜமான் இல்லையே!" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். நம் ஆட்களுக்கு வாய் எப்போதும் உண்டு. இன்று அந்த நாட்டில் ஒருவரைக் கூலி என்று திட்டினால் விஷயம் நீதிமன்றம் வரை போகும்.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் இருக்கும் நம் அக்காமார் கடையில் 'கூலி' என்று கேட்டால் ஒரு போல்பொயின்ட் பேனையைத் தருவார்கள். 1928இல் ஹம்பேர்க்கில் ஒரு கம்பெனி 'டின்டன்கூலி' என்று ஒரு பேனையை விற்றது. மைக் கூலி, அதாவது எழுத்து வேலையைச் சுமக்கும் கூலி. பிற்பாடு வந்த போல்பொயின்ட்டின் ஜெர்மன் பெயரும் 'கூ'வில் தொடங்குவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இந்தோனேசியாவில் பத்திரிகையாளர்கள் தங்களையே வேடிக்கையாக 'கூலி திந்தா', மைக் கூலிகள் என்கிறார்கள். அதே மொழியில் 'குலியா' என்றால் பல்கலைக்கழக விரிவுரை! ஆனால் அது அரபியிலிருந்து வந்த வேறு சொல், நம் கூலிக்குச் சொந்தமில்லை. ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் உறவாகாது. வைத்தியத்திலும் அப்படித்தான், எல்லாத் தடிப்பும் ஒரே வருத்தமில்லை.

சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தும் இருக்கிறார்கள். மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுளி 1992இல் 'கூலிட்யூட்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். கூலிகளாகப் போனவர்களின் அனுபவத்தைப் பெருமையோடு சொல்லும் சொல் அது. கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கையூத்ரா பகதூர் 2013இல் 'கூலிப் பெண்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை எழுதினார். அவருடைய கொள்ளுப்பாட்டி 1903இல் கர்ப்பிணியாக, துணையில்லாமல் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர். பெயரும் எண்ணுமாகப் பதிவேட்டில் கிடந்த ஒரு பெண்ணைத் தேடி எடுத்து, அவளை மறுபடி ஒரு மனுஷியாக்கிய நூல்.

இனி நம் மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியாக நடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். அரசாங்க அறிக்கையில் அவர்கள் கூலிகள். குடியிருந்த வரிசை வீடுகள் ஆங்கிலத்தில் 'கூலி லைன்ஸ்'. அந்த 'லைன்'தான் நம் வாயில் 'லயம்' ஆனது. சங்கீத ரீச்சர் சொல்லித் தந்த லயம் வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த லயம் வேறு. 1915இல் வெல்ஸ் என்பவர் தோட்டத் துரைமாருக்காக எழுதிய பாடநூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஆட்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் பேசிய மொழிக்கும் அந்தப் பெயர். அதற்கு முன்பே சின்னத்துரைமாருக்கு வந்த இன்னொரு கைநூலின் தலைப்பு 'இங்கே வா'.

இந்த நிலையில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்கு என்ன சொல்வார்கள்? 'பேர்'. செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம். நிறுவை குறைந்தால் 'அரைப்பேர்'. என் அம்மாயி மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்துக் கூடையைக் கூட வைக்காமல், "இன்னைக்கு அரைப்பேரு போட்டுட்டாங்கடி" என்று சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கூலியை மனிதனுக்குப் பேராக்கினார்கள். நம் தோட்டத்தில் மனிதனின் பேரைக் கூலிக்கு வைத்தார்கள். அதில் ஒரு உண்மையும் இருக்கிறது, ஒரு வேதனையும் இருக்கிறது. உழைப்புக்குக் கிடைப்பதுதான் என் பேர் என்பது உண்மை. கிலோ குறைந்தால் என் பேரிலேயே பாதி போய்விடும் என்பது வேதனை.

பிறகு ஒரு சொல் வந்தது. 1931இல் கோ. நடேசையர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடல்கள் பாடி மக்களைக் கூட்டினார். அவர்கள் பேசியது கூலிகளிடம் அல்ல, தொழிலாளர்களிடம். கப்பலில் கழன்று விழுந்த அந்த 'ஆள்' தொழிலாளர் என்ற சொல்லில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டதை அக்காமார் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை, வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி 1700இல் தொழில்களால் வரும் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: "நீ என்ன தொழில் செய்கிறாய்?" அன்றிலிருந்து அது எங்கள் கேள்விகளில் ஒன்று. நான் பயிற்சி பெற்ற காலத்திலிருந்து இன்றுவரை பல வைத்தியசாலைகளில் வேலை செய்திருக்கிறேன். மலையிலிருந்து வரும் நோயாளியின் பெட்ஹெட் டிக்கட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு சொல்தான் இருக்கும். தமிழில் கேட்டால் "கூலி வேலைங்க". சிங்களத்தில் எழுதினால் 'குலீ வெட'. ஆங்கிலத்தில் 'லேபரர்'. மூன்றும் எனக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

ஏனென்றால், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குக் கழுத்தும் முதுகும் நோகும், ஏனென்றால் கூடைக் கயிறு நெற்றியில் இழுக்கிறது. அவளுக்குக் குளவி கொட்டும், அட்டை கடிக்கும். மலையில் ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வைத்திருப்பாள். அதனால் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வரும். மருந்தடிக்கும் ஆணுக்குக் கண் எரியும், தோல் வெடிக்கும், சில நேரம் மூச்சு முட்டும். கவ்வாத்து வெட்டுபவருக்குக் கத்திக் காயம், ஏற்பு ஊசி போட்டாரா என்று பார்க்க வேண்டும். ஸ்டோரில் தேயிலைத் தூசிக்குள் நிற்பவருக்கு இருமலும் இழுப்பும். இவர்கள் அத்தனை பேரும் டிக்கட்டில் ஒரே 'கூலி'. அந்த ஒரு சொல் அவர்களின் வருத்தத்தையும் மூடிவிடுகிறது.

ஆகவே நான் இரண்டாவது கேள்வி கேட்பேன். "கூலி சரி, என்ன வேலைம்மா செய்யிறீங்க?" ஒரு முறை இளைப்போடு வந்த ஓர் அம்மா கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு "கூலிதாங்க டாக்டர்" என்றார். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஸ்டோரில் இலை சலிக்கும் இடத்தில் இருபது வருஷம் நின்றதை, எந்த மெஷினில் எவ்வளவு தூசி பறக்கும் என்பதை, எந்த இலை எந்த ரகம் என்பதைப் பத்து நிமிஷம் விளக்கினார். எனக்கு நோய்க்குக் காரணம் கிடைத்தது. அவருக்குத் தன் தொழிலைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தது. பக்கத்தில் நின்ற சிங்களத் தாதி சகோதரியும் பேனையை எடுத்து, முன்பு எழுதியதை வெட்டி, 'தேயிலைத் தொழிற்சாலை, சலிக்கும் பிரிவு' என்று சிங்களத்தில் எழுதினார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே இந்த நூற்றாண்டில் நம் சங்கத்திடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. கூலி என்ற சொல்லை அகராதியிலிருந்து அழிக்கச் சொல்லவில்லை. அது வள்ளுவர் ஆண்ட சொல். ஊதியத்துக்கு அதைச் சொல்லுங்கள். நியாயமான கூலி கேட்பதற்கும் அது வேண்டும். 2021இல் வர்த்தமானியில் நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்று வந்ததற்குப் பின்னால் எத்தனை வருடப் போராட்டம் இருந்தது என்று இங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு மனிதருக்கு அந்தச் சொல்லை வைக்காதீர்கள். வேடிக்கைக்கும் வேண்டாம், கோபத்துக்கும் வேண்டாம்.

இரண்டாவது, நம் சங்கம் கொடுக்கும் புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் பிள்ளைகள் வேலையை விரிவாக எழுதும்படி ஒரு வரி இடம் கூட்டிக் கொடுப்போம். கொழுந்து பறிப்பவர் என்று எழுதட்டும். கவ்வாத்து வெட்டுபவர், ஸ்டோரில் இலை வாட்டுபவர், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்பவர் என்று எழுதட்டும். கொழுந்து பறிப்பது தெரியாதவர் கை வைத்தால் செடி கெடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் அந்த விரல்களுக்கு உள்ள பயிற்சி, சத்திரசிகிச்சை செய்யும் விரல்களுக்கு உள்ள பயிற்சிக்குக் குறைந்ததல்ல. நான் இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கு. உங்கள் பிள்ளைகள் பாட்டி என்ன செய்தார் என்று கேட்டால், "எஸ்டேட்டில் இருந்தார்" என்று முடித்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், என்ன வேலை, பேர் என்ன என்று சொல்லுங்கள். ஸ்பிரிங்வெளியா, தெமோதரையா, மடுல்சீமையா? சொல்ல ஆளிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இந்த மலருக்கு அடுத்து நம் சங்கம் ஒரு சின்னப் புத்தகம் போடலாம். அதில் தாய்மார், பாட்டிமாரின் பேரும் தொழிலும் மட்டும் இருந்தால் போதும். அரைப்பேர் வேண்டாம், முழுப்பேராக எழுதுவோம்.